ஆறாவது பாட்டு

சி.டி. வெளியே வரக்கூடாது. உக்கடம் மேம்பாலத்துக்குக் கீழே காரை ஓரங்கட்டியபோது நிதீஷின் ஒரே வேண்டுதல் அதுதான்.

பக்கத்து சீட்டில் அப்பா பொங்கியண்ணன் மடியில், கார் செட்டுக்குள் மாட்டிக்கொண்ட சி.டி.யின் காகித உறையை வைத்திருந்தார். 2008இல் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகை அட்டையில் ஒட்டி இலவசமாகக் கொடுத்தது. சொந்தப் பாட்டு பாடும் ராக் குழுக்கள் பன்னிரண்டு, குழுவுக்கு ஒரு பாட்டு. ஆறாவது வரியில் 'பவர்கட், கோயம்புத்தூர்' என்று இருந்தது. பவர்கட் என்றால் இரண்டே பேர். பாட்டும் கிட்டாரும் நிதீஷ், டிரம்ஸ் அர்ஷத்.

பேர் சரி. பாட்டுதான் வேறு யாருடையதோ. பத்திரிகைக்காரர்கள் மாற்றிப் பதிந்துவிட்டார்கள்.

நிதீஷ் அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இன்ஜினியரிங் நாலாவது வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்திருந்தான். இரண்டு மாதமாக அப்பா அவனோடு பேசவில்லை. அந்த சி.டி.யை வாங்கிக்கொண்டு போய் காரில் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஆறாவது பாட்டை முழுக்கக் கேட்டார். இறங்கி வந்து, "சாப்புட்டியா கண்ணு?" என்றார். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தான். காரில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் அப்பா அதைப் போட்டுக்காட்டியதைத் தாங்க முடியாமல், ஒருநாள் பத்திரிகை அட்டையைக் கிழித்து மடித்து செட்டின் சந்துக்குள் திணித்தான். பாட்டு கெடவில்லை. சி.டி.யை வெளியே தள்ளும் பொறிதான் கெட்டது. அன்றிலிருந்து அந்த காரில் வேறு சி.டி. போட வழியில்லை. பதினேழு வருடம். நூல் புரோக்கர் கேட்டார், ஜோசியர் கேட்டார். பெண் பார்க்கப் போன அன்று கீதா வீட்டு வாசலில் அப்பா நான்கு கதவையும் திறந்துவைத்து அதை ஓடவிட்டார். கல்யாணமான பிறகு கீதா பாடச் சொல்லும்போதெல்லாம் நிதீஷ் தொண்டை சரியில்லை என்றான். கருமத்தம்பட்டியில் அவர்களுடைய தறி ஷெட்டில் ராத்திரி ஷிப்டை அவனே கேட்டு எடுத்துக்கொண்டான். நாற்பது தறி ஓடும் இடத்தில் யாரும் யாரையும் பாடச் சொல்வதில்லை.

நாளைக்கு இந்தப் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கப் போகிறார்கள். காரோடு சி.டி.யும் போய்த் தொலையும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தான். நேற்று சாயங்காலம் அப்பா சொன்னார்: "வண்டி போவட்டும். என்ற பையன் பாட்டு போவக்கூடாது. உக்கடத்துல ஒரு பாய் எந்தப் பழைய செட்டையும் பிரிச்சுப்போடுவாராம்."

அந்த பாய் அர்ஷத். அவனிடம் நிதீஷ் வேறொரு பொய் சொல்லியிருந்தான்: நம்ம பாட்டை எடுத்துக்கலைடா. உண்மை தெரிந்திருந்தால் பத்திரிகைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்துத் திருத்தம் போட வைத்திருப்பான். அப்பா காதுக்கு வந்திருக்கும். அந்த வாரமே அர்ஷத் டிரம்ஸைப் பொள்ளாச்சியில் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான்.

"வாங்க, வாங்க," என்று கடையிலிருந்து வந்தவன் நிதீஷைப் பார்த்ததும் நின்றான். "அட, தறிக்காரரு! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"பழக்கமுங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

"ஒரே காலேஜுங்க. இவன் பாதியில ஓடிப்போனான், நான் முடிச்சுப்போட்டு மஸ்கட்டுல ஏ.சி. மாட்டுனேன். பெருசா வித்தியாசமில்லீங்க."

"எம்பையன் பாட்டு உள்ள மாட்டிக்கிச்சு தம்பி." பெரியவர் உறையை நீட்டினார்.

அர்ஷத்தின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஆறில் நின்றது. "பவர்கட்," என்று படித்தான். நிதீஷைப் பார்த்தான். "வந்துதா?"

"வந்துதாவா? ஊரே கேட்டுப்போடுச்சு. நீங்களும் கேளுங்க."

பெரியவர் கார் செட்டின் பட்டனை அழுத்தினார். டிரம்ஸ் தொடங்கியதும் அர்ஷத்தின் வலது கால் தானாக ஆடியது. நாலு தட்டுக்கு மேல் ஆடவில்லை. பொங்கியண்ணன் கண்ணை மூடி, வார்த்தை தெரியாமல், மெட்டை மட்டும் முனகிக்கொண்டிருந்தார்.

நிதீஷ் நண்பனை ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப் போனான். "மாப்ள, சொல்லிராதடா."

"எதைச் சொல்றது? பேரு வந்ததையா, பாட்டு வராததையா?"

"கைதவறி ஒடைஞ்சுபோச்சுன்னு சொல்லிரு. நாளைக்கு வண்டியே போயிரும். இதோட முடிஞ்சுரும்."

"அந்த ஒரு வாரம் நான் சோறு திங்கலடா," என்றான் அர்ஷத். கோபமில்லாமல் சொன்னான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனான்.

அரை மணி நேரத்தில் செட்டு பிரிந்து மேசைமேல் கிடந்தது. சி.டி. கீறலில்லாமல் வந்தது. கூடவே மடித்த ஓர் அட்டைத் துண்டும். அர்ஷத் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "இதை யாருங்க திணிச்சது?"

"எலியா இருக்குமுங்க," என்றார் பொங்கியண்ணன்.

"படிச்ச எலி போலங்க. இங்கிலீஷ் புஸ்தகத்தைக் கிழிச்சிருக்குது."

பெரியவர் சிரித்தார். சி.டி.யைத் தோள்துண்டால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். நிதீஷ் அந்தக் கையைப் பார்த்தான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமில்லை என்று தோன்றியது.

"அப்பா, அந்தப் பாட்டு…"

"ஐயா," என்று அர்ஷத் குறுக்கே வந்தான். "இவன் சொல்லவே இல்லீங்களா? அதுல டிரம்ஸ் அடிச்சது நாந்தானுங்க."

பொங்கியண்ணன் எழுந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஏன்டா, இத்தன வருசமா இந்தத் தம்பியப் பத்தி ஒரு வார்த்த சொல்லியிருக்கறயா?"

இனி நிதீஷ் உண்மையைச் சொல்ல வழியில்லை. சொன்னால் இப்போது இரண்டு பேர் பொய்யர்கள்.

"புது வண்டில சி.டி. போடற சந்தே இருக்காதுங்க," என்றான் அர்ஷத். "பென்டிரைவுல ஏத்தித் தர்றேன். ஆறாவது மட்டும் போதுமுங்களா?"

"அது ஒண்ணு போதும்."

"நிக்காமத் திரும்பத் திரும்ப ஓடற மாதிரி போட்டுடறேனுங்க. தொலைஞ்சாலும் இருக்கோணுமில்ல, மூணு எடுத்துக்குங்க."

"கோயில் நோம்பிக்கு எங்க ஊருக்கு வரோணும் தம்பி. ரெண்டு பேரும் மேடையேறி இதைப் பாடோணும்."

"வாரேனுங்க. அடிக்க நான் ரெடி." அர்ஷத் நிதீஷின் தோளில் கை வைத்தான். "இவன் பாடுவானுங்களா, கேட்டுக்குங்க."

திரும்பும்போது அவிநாசி ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. முன்னால் லாரி, பின்னால் பஸ், பக்கத்தில் தடுப்புச் சுவர். செட்டு இருந்த இடத்தில் ஓட்டையும் நாலு ஒயர்களும். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக காருக்குள் சத்தமில்லை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. சட்டைப் பையில் பென்டிரைவ்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"செட்டுத்தான் இல்ல. நீயே பாடு கண்ணு."

"தொண்ட சரியில்லீங்கப்பா."

"இங்க யாரு இருக்கறா? நாந்தான. பாடு."

அந்தப் பாட்டில் எங்கே மூச்சு விடவேண்டும் என்பதுகூட நிதீஷுக்குத் தெரியும். தான் எழுதிய பாட்டின் முதல் வரி என்ன என்று யோசித்துப் பார்த்தான். வரவில்லை. லாரி இன்னும் நகரவில்லை. ஆறாவது பாட்டையே பாட ஆரம்பித்தான்.

அப்பா கடைசிவரை கேட்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"தறிச் சத்தத்துல கொரலே போச்சு கண்ணு," என்றார். "அன்னிக்கு எப்படி இருந்துது."