வலது காதில் இடது காதின் சத்தம்

அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு வயது. பிறவியிலேயே இடது காது ரொம்ப மந்தம். வலதில் கொஞ்சம்தான் குறை. இரண்டுக்கும் காது கேட்கும் மிஷின் உண்டு. காலையில் பல் தேய்த்த கையோடு தானே மாட்டிக்கொள்ளும் பிள்ளை, திடீரென்று அதைக் கழற்றி எறிய ஆரம்பித்தாள். வகுப்பில் எறிந்தாள், பஸ்ஸில் எறிந்தாள். "வலிக்குது" என்று வலது காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"செல்லம் கொடுத்தா தலைமேலதான் ஏறுவாங்க. விடாம மாட்டிப் பழக்குங்க," என்றார் காது கிளினிக் மேனேஜர். டீச்சரும் அதையே சொன்னார். லாண்டரியில் துணி தேய்க்கும் அம்மா அவர்களை நம்பினாள். ஒரு நாள் பிள்ளையின் கைகளை இறுக்கிப் பிடித்து மாட்டிவிட்டாள். கடுகு கத்தவில்லை. சுவரோரம் சுருண்டு உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மா அதைக் கழற்றிவிட்டு யோசித்தாள். பிடிவாதக்காரப் பிள்ளை இப்படியா அடங்கிப்போகும்? போன மாசம் கிளினிக்கில் மிஷினைச் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினதிலிருந்துதானே இந்தக் கூத்து!

லீவு போட்டுவிட்டு, கடுகையும் கூட்டிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனாள்.

"புதுசா டெஸ்ட் எடுங்க."

"ரிப்போர்ட் கம்ப்யூட்டர்லயே இருக்கும்மா," என்றார் மேனேஜர்.

"வலி கம்ப்யூட்டருக்கா, இவளுக்கா?"

வேறு வழியில்லாமல் மேனேஜர் தலையாட்ட, டெக்னீஷியன் கடுகை உள்ளே அழைத்துப்போனார். டெஸ்ட் முடிந்து வந்தவர் திரையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"காது மாறியிருக்கும்மா. போன மாசம் புது சிஸ்டத்துக்கு எல்லா ஃபைலையும் மாத்தினாங்க. பழசுல வலது காது முதல்ல இருக்கும், புதுசுல இடது. யாரும் பாக்காம அப்படியே ஏத்திட்டாங்க. மந்தமான காதுக்கு வேண்டிய சத்தம், நல்லா கேக்கற காதுல போயிருக்கு."

"சின்ன டெக்னிக்கல் தப்பு. இப்பவே சரி பண்ணிடலாம்," என்றார் மேனேஜர்.

"சின்னதா? உங்க காதுல ஒலிபெருக்கியைச் சொருகிட்டு, கத்தினா திமிருன்னு சொல்லட்டுமா? மத்த பிள்ளைங்க கதி?"

"கம்ப்ளெய்ன்ட் வந்தா பாத்துக்கலாம்."

"இன்னும் பேச்சே வராத பிள்ளைங்க எந்த வாயால சார் கம்ப்ளெய்ன்ட் பண்ணும்?"

வெளியே காத்திருந்தவர்களுக்கும் இது கேட்டது. மடியில் மகனை வைத்திருந்த ஒருவர் எழுந்தார். "எங்க பையனும் கழட்டி எறியறான்," என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நேத்து அடிச்சிட்டேன்."

அம்மா வாசலுக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எல்லா வீட்டுக்கும் போன் போடுங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

டெக்னீஷியன்தான் முதலில் போனை எடுத்தார். நடுநடுவே அந்தப் பையனுக்கும் டெஸ்ட் எடுத்தார். அவனுக்கும் மாறித்தான் இருந்தது. சாயங்காலம்வரை போன் ஓயவில்லை. கடுகின் மிஷினைச் சரிசெய்து மாட்டியதும் அவள் காதைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு, "இப்ப வலிக்கல," என்றாள்.

கிளம்பும்போது மேனேஜர் அம்மாவிடம், "மனசுல வெச்சுக்காதீங்க," என்றார்.

"மன்னிப்பை இவகிட்ட கேளுங்க."

அவர் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே, "சமத்துக்குட்டி," என்று கடுகின் கன்னத்தைத் தட்ட வந்தார். அவள் அந்தக் கையைப் பட்டென்று தள்ளிவிட்டாள்.

'பெரியவங்ககிட்ட அப்படிப் பண்ணக் கூடாது' என்று அம்மா சொல்லவில்லை.