சோபா இல்லாத வீடுகளுக்கு

என் கணவர் பாலேந்திரன் சுகாதார உத்தியோகத்தர். கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்க் கையை எப்படிக் கழுவ வேண்டும், தண்ணீரை எப்படிக் கொதிக்க வைக்க வேண்டும் என்று விளக்குவது அவர் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்காமல் அவரால் அரை மணி நேரம் சும்மா இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் எனக்கே தேத்தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொடுத்தார். மூன்று தலைமுறையாகக் கண்டியில் கடை வைத்திருக்கிற, அதற்கு முன்னால் கொழுந்து பறித்த குடும்பத்துப் பெண்ணுக்கு!

எங்களுக்கு மகள் பிறந்த மாதம் பார்த்துத்தான் அவருக்குப் புது வேலை வந்தது. கைக்குழந்தைகளைப் பெற்றோர் தங்களோடு ஒரே படுக்கையில் போட்டுக்கொண்டு தூங்குவது ஆபத்து என்று தோட்டத்துத் தாய்மாருக்கு விளக்க வேண்டும். இங்கிலீசில் ஐந்து பக்கம் வந்திருந்தது. அதைச் சுருக்கி, ஒரே தாளில் அடங்கும்படி தமிழில் துண்டுப்பிரசுரம் போட வேண்டும். எழுதியது அவர். தட்டச்சு செய்தது நான். அச்சகத்தில் எனக்கு அதுதான் தொழில், பிரசவ லீவில் வீட்டில் இருந்தேன்.

ஒரே ஒரு வரி மட்டும் தாளில் அடங்கவில்லை.

"கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போகுதுங்க," என்றேன்.

"எந்த வரி?"

"‘குழந்தையை வைத்துக்கொண்டு சோபாவிலோ சாய்வுக் கதிரையிலோ தூங்கிவிடாதீர்கள். அது கட்டிலைவிட ஆபத்து.’ இதுதாங்க."

அவர் சிரித்தார். "லயத்தில ஆரப்பா சோபா வச்சிருக்கினம்? வெட்டும்."

வெட்டினேன். லயம் என்றால் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓரறை வீடுகள்; எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எல்லாம் ஒரே தாளில் அளவெடுத்த மாதிரி அடங்கிவிட்டது. ஐந்நூறு பிரதி அச்சாகி வந்ததும், எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஊருக்குச் சொல்வதை வீட்டிலும் செய்கிற மனிதர் அவர். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டில் ஒன்று வந்தது. தலையணை இல்லை, பொம்மை இல்லை, பாப்பாவை மல்லாக்கத்தான் போட வேண்டும். எல்லாம் சரி. பாப்பாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. முதுகு அந்த மெத்தையில் பட்டதுமே வீரிடுவாள். நான் எங்கள் கட்டிலிலேயே சாய்ந்து பால் கொடுக்கப் பார்த்தால் இவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"கண் அயர்ந்திடும். எழும்பும், ஹோலுக்குப் போய் இருந்து பாலைக் குடும்."

"தாள்ல போட்டிருக்கிற மாதிரி நான் என்ன குடிக்கிறவளா, சுருட்டுப் பிடிக்கிறவளா? பக்கத்துல வச்சுக் கொடுத்திட்டு மறுபடி தொட்டில்ல போடுறேங்க."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் யசோதா."

ஹோலில் இருந்தது என் அப்பா அழகர் எங்கள் கல்யாணத்துக்குக் கலகெதரவில் தச்சரிடம் செய்வித்துக் கொடுத்த சோபா. சிவப்பு வெல்வெட். உட்கார்ந்தால் இடுப்புவரை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதில் உட்கார்ந்து, தூக்கம் வராமலிருக்க என் தொடையை நானே கிள்ளிக்கொண்டு ஆறு வாரம் பால் கொடுத்தேன். அப்போதும் அந்த வெட்டிய வரி எனக்கு ஞாபகம் வரவில்லை. அது லயத்துக்காரர்களுக்கு எழுதிய வரியல்லவா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு சாப்பிட்டதும் அவருக்கு என்மேல் இரக்கம் வந்தது.

"நீர் போய்ப் படும். பிள்ளையை நான் பாக்கிறன்."

கும்பிடாத குறையாகப் போய்ப் படுத்தேன். வெளியே மழை. ஹோலில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாவது தூங்கியிருப்பேன். என்னை எழுப்பியது சத்தமல்ல. பாப்பாவின் சத்தம் கேட்கவில்லையே என்ற எண்ணம்தான்.

அவர் சோபாவில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை கலஹாத் தோட்டத்தில் முதல் கூட்டத்தில் பேசுவதற்காக எடுத்து வைத்திருந்த துண்டுப்பிரசுரம் மடியில் கிடந்தது. நெஞ்சில் பாப்பா இல்லை. தரையில் இல்லை. அவருடைய விலாவுக்கும் சோபாவின் முதுகுக்கும் நடுவில் சின்னதாக ஒரு கால் தெரிந்தது.

இழுத்தேன். முகம் வெல்வெட்டில் புதைந்து கிடந்தது. உதடு கறுத்திருந்தது. தலைகீழாகப் பிடித்தேனா, முதுகில் தட்டினேனா, இப்போது எதுவும் நினைவில்லை. பிறகு அவள் அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அவர் விழித்து எழுந்து, நடந்தது விளங்கியதும் சொன்ன முதல் வார்த்தை இது:

"நான் கட்டிலில வைக்கேல்லையப்பா."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் கையில் எது கிடைத்திருந்தாலும் அவர் மண்டையில் போட்டிருப்பேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு படித்த மனிதர், கையில் வைத்திருந்ததைத் தொலைத்த சிறுபிள்ளை மாதிரி நின்றார். வரியை வெட்டச் சொன்னது அவர். வெட்டியது என் விரல். பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். திங்கட்கிழமை சாயந்தரம் அவர் பிரசுரக் கட்டை அவிழ்த்து மேசையில் பரப்பினார். என்னிடம் ஒரு பேனையை நீட்டினார். ஐந்நூறு தாளின் ஓரத்திலும் அந்த வரியைக் கையால் எழுதினோம். பாப்பா எங்கள் கண் முன்னால், தொட்டிலில் மல்லாக்கக் கிடந்து, அன்றைக்கென்று சமத்தாகத் தூங்கினாள்.

மறுநாள் நானும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். அந்த வரியை வெட்டியதில் எனக்கும் பங்கு உண்டு; அவரை மட்டும் அனுப்ப எனக்கு மனமில்லை.

கலஹாவில் பிள்ளை மடுவத்தில் கூட்டம். தோட்டத்துத் தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கின. நாற்பது பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் வழக்கமான ஜோக் எதுவும் அடிக்காமல், தலையைக் குனிந்துகொண்டே பேசி முடித்தார்.

முன்வரிசையில் வேலாயி என்று ஒருத்தி, மடியில் நாலாவது பிள்ளையோடு, தாளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு எழுந்தாள்.

"ஐயா, எல்லாம் அச்சுல இருக்கு, இது மட்டும் கையால எழுதியிருக்கே. ரொம்ப முக்கியமுங்களா?"

"ஓம்," என்றார். "அதுதான் முக்கியம்."

"சோபாவுல தூங்காதீங்கன்னு போட்டிருக்கு. எங்க லயத்துல யாருகிட்டயும் சோபா இல்லீங்களே."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவைப் பார்த்தேன்.

"வீட்டில சோபா வச்சிருக்கிறவைக்கு எழுதினது அம்மா," என்றார்.

வேலாயி தாளைப் பத்திரமாக மடித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஐயோ, பாவங்க. அவங்களுக்கு யாரு போயி இதெல்லாம் சொல்லிக் குடுப்பா?"