இல்லாத ரூல்

ரமணாசிரமம் பக்கத்தில் டிராவல்ஸ் நடத்தும் கலையரசன் லீஸுக்கு எடுக்க இரண்டு கார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று சாதாரண செடான், மற்றது சொகுசு செடான்.

"நமக்கு சாதா வண்டியே போதும் சார். பெருசுக்கு மாச வாடகையும் ஜாஸ்தி," என்றார் ராஜமாணிக்கம். ஒன்பது வருடமாக அவனிடம் டிரைவர்.

கலையரசனுக்குச் சொகுசுக் கார்மேல்தான் ஆசை. ஆனால் சாயம் போன சட்டையும் நரைத்த தாடியுமாக ராஜமாணிக்கம் அதன் கதவைத் திறந்துவிடுவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நேராகச் சொல்லவும் தைரியமில்லை.

"அம்பது வயசுக்கு மேல டிரைவர் கூடாதுன்னு லீஸ் கம்பெனி ரூல்ணா," என்றான்.

மறுநாள் வேங்கிக்காலிலிருந்து லீஸ் கம்பெனிக்காரர் போன் செய்தார். "உங்க டிரைவர் இங்க வந்திருக்காரு சார். கண் டெஸ்ட் ரிப்போர்ட்டக் காட்டி, வேலைய எடுத்துடாதீங்கன்னு கெஞ்சறாரு. வயசுக்கு எங்ககிட்ட ரூலே கெடையாதுன்னு அவர்கிட்டயும் சொன்னேனே?"

கலையரசன் போனை வைத்துவிட்டான்.

அதன்பின் ராஜமாணிக்கம் வேலைக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து, கலையரசன் சாதாரண செடானையே எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"பொய் சொல்லிட்டேன்ணா. வண்டிய நீங்கதான் ஓட்டணும்..."

ராஜமாணிக்கம் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நல்ல வண்டி சார். நான் ஸ்கூல் வேனுக்கு ஒத்துக்கிட்டேன்," என்றார். பிறகு உள்ளே இருந்த மனைவியிடம் திரும்பி, "ராஜம்மா, சாருக்குத் தண்ணி கொண்டா," என்றார்.

கலையரசன் நிமிராமலே அந்தத் தண்ணீரைக் குடித்தான்.