கையா, மிசினா

உசிலம்பட்டியிலிருந்து வாடகைக் காரில் கொண்டுவரும்போது பேயாண்டிக்கு மூச்சு இருந்தது. மதுரையில் அந்தத் தனியார் மருத்துவமனையின் எமர்ஜென்சி கட்டிலில் படுக்க வைத்ததும் இதயம் நின்றுவிட்டது. டியூட்டி டாக்டர் ஸ்வர்ணா ஸ்டூல் மேல் ஏறி, இரண்டு கைகளாலும் அவர் நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள்.

விலா எலும்பு முறிந்த சத்தம் கதவோரம் நின்ற மகன் கருத்தக்கண்ணனுக்குக் கேட்டது. உள்ளே பாய்ந்தான்.

“மிசின் எங்க? நின்ன இதயத்த ஓட வைக்கிற மிசினுன்னு வாசல்ல அம்புட்டுப் பெரிய போர்டு வச்சிருக்கீகல்ல? அதக் கொண்டாங்க!”

“நெஞ்ச அமுக்குற அந்த மிசின் மாடில இருக்கு. கொண்டுவந்து மாட்டுற வரைக்கும் அமுக்குறத நிறுத்தி வைக்க முடியாது. வெளிய நில்லுங்க!”

“பெரிய மனுசனுக்கு மிசினு, எங்கப்பனுக்குக் கையா?” அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

“விடுய்யா! நிறுத்துனா மூளைக்கு ரத்தம் போகாது!”

அவன் விடவில்லை. நர்ஸ் பிலோமினாள் எதிர்ப்பக்கம் நின்று அமுக்க, ஊழியர்கள் அவனை வெளியே இழுத்துப் போனார்கள். பிறகு இருவரும் மாறி மாறி அமுக்கினார்கள். ஊசி போட்டார்கள், ஷாக் கொடுத்தார்கள். பேயாண்டி பிழைக்கவில்லை.

ஸ்வர்ணா வெளியே வந்து சொன்னாள்.

“மிசின் வச்சிருந்தா பொழச்சிருப்பாரு,” என்றான் கருத்தக்கண்ணன்.

“ஒழுங்கா அமுக்குற கையவிட மிசின் ஒசத்தின்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல, அண்ணே.”

“பெறகு எதுக்கு அந்தப் போர்டு?”

அவள் போர்டு இருந்த வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மணிக்கட்டு எரிந்தது.

நிர்வாகி வெங்கடரமணன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “அவன் கையப் பிடிச்சதாலதான் காப்பாத்த முடியலன்னு எழுதிக் குடும்மா. போலீஸ்ல குடுத்துருவோம்.”

“பிடிச்சது நிஜம். அவர் மேல எனக்கும் ஆத்திரந்தான் சார். ஆனா அந்தப் போர்ட மாட்டுனது நாம. அதையும் சேர்த்து எழுதவா?”

“அது வெறும் விளம்பரம்மா. அத யாரு அப்படியே நம்புறா?”

“கீழ அப்பாவப் பறிகொடுத்துட்டு நிக்கிறாரே, அவர் நம்பினார்!”

அவள் கத்தியது வராந்தா வரை கேட்டது. எழுதிக் கொடுக்கவில்லை, போலீசுக்குப் புகாரும் போகவில்லை. போர்டை எடுக்கச் சொல்லிப் பலமுறை கேட்டாள். எடுக்கவில்லை. ராத்திரியிலும் தெரியட்டும் என்று அதற்கு மேல் டியூப்லைட் மாட்டினார்கள்.

அதைப் பார்த்த அன்று அவளுக்குக் கல்லெடுத்து எறியலாம் போல இருந்தது. ஆத்திரம் அடங்காமலே டியூட்டிக்குள் போனாள்.