பாறையின் பதில்

எங்கள் பாய்மரப் படகில் மூன்றே பேர்: சுக்கான் பிடிக்கும் நான், வாய் ஓயாத சமையல்காரர், பாய்க்கயிற்றைப் பார்த்துக்கொள்ளும் அண்ணி. போன வருடம் வரை அண்ணனும் இருந்தான். ஆளில்லாத இந்தத் தீவுகளுக்கு நடுவில்தான் கடல் அவனைக் கொண்டுபோனது. "வீட்டுல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா தம்பி?" என்று சண்டை போட்டு அண்ணி ஏறிவிட்டாள்.

அன்று காலை பனி மூடிக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. பனியில் குரல்தான் எங்களுக்குக் கண். சத்தம் போட வேண்டும். அது பாறையில் பட்டு உடனே திரும்பினால் ஆபத்து பக்கத்தில், தாமதித்தால் தூரத்தில். அது அண்ணனின் வேலை. சமையல்காரர் "ஓய்" என்றார். நாள் முழுக்க எங்களைத் திட்டும் குரல் அன்று பார்த்துக் கம்மிப்போயிருந்தது. நானோ சுக்கானையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றாள். அண்ணனை அவள் கூப்பிடுவது ஒரே வார்த்தையில்தான்.

"ஏங்க..."

"ஏங்க" என்று இடப்பக்கத்திலிருந்து உடனே வந்தது. படகை வலப்பக்கம் ஒடித்தேன். கறுத்த பாறை உரசாத குறையாக விலகிப் போனது.

மறுபடி கூப்பிட்டாள். பதில் தாமதமாக வந்தது.

"தாண்டியாச்சும்மா, போதும்," என்றார் சமையல்காரர்.

"இருங்க. இன்னும் பதில் வருதுல்ல."

அடுத்த முறை கூப்பிட்டபோது ஒன்றும் வரவில்லை. அண்ணி அப்படியே நின்றாள்.

முன்னால் திறந்த கடல். நான் யாரையும் கேட்காமல் படகைத் தீவின் பக்கம் திருப்பினேன். சமையல்காரர் என்னைப் பார்த்தார், திருப்பத்துக்கு ஏற்றபடி பாய்க்கயிற்றைத் தளர்த்தினார்.

"இப்பக் கூப்பிடுங்க அண்ணி," என்றேன்.