கழிப்பறைச் சுவரில் ஒரு கரடி

குழந்தைநல நிலையத்துக்குள் நுழைந்ததும் ரென்ஸ்கே முதலில் பார்த்தது பேனாக்களைத்தான். பால்மாவுக் கம்பெனிக்காரன் ஓர் இடத்துக்குள் கால் வைத்திருக்கிறானா என்பதைப் பேனா சொல்லிவிடும். டாக்டர் கண்டிப்பானவராக இருக்கலாம், செவிலியர் நெருப்பாக இருக்கலாம். ஆனால் இனாமாக வரும் பேனாவை வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனிதர் நெதர்லாந்தின் இந்த ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் இன்னும் பிறக்கவில்லை.

"எண்ணிட்டீங்களா? பத்தும் சொந்தக் காசுல வாங்கினது. ரசீது வேணுமா?" என்றான் வரவேற்பு மேஜையில் இருந்த யோரிட். முப்பது வயது, ஆறடி உயரம், வாயும் அதே நீளம்.

"வேணாம். அந்த டிஷ்யூ பெட்டியைத் திருப்பிக் காட்டுங்க."

"திருப்பினா அடிப்பக்கம்தான் இருக்கு."

"அடிப்பக்கம்தான் வேணும்."

அடிப்பக்கத்தில் ஒன்றுமில்லை. ரென்ஸ்கே தன் தாளில் ஒரு குறி போட்டாள்.

அவள் வேலை இதுதான். தாய்மார்கள் வரும் இடத்தில் பால்மாவுக் கம்பெனி மூக்கை நுழைக்கக் கூடாது. சுவரொட்டி, மாதிரி டின், பெயர் பொறித்த கடிகாரம், எடை அட்டை எதுவும் ஆகாது. புட்டிப்பால் கொடுக்கிற தாயை யாரும் தடுக்கவில்லை. எந்த டின் என்பதை மட்டும் செவிலியரின் குரலில் ஒளிந்துகொண்டு வியாபாரி அவள் காதில் ஓதக் கூடாது. ஒழுங்காக இருக்கும் நிலையத்துக்குச் சான்றிதழ் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வருபவள் ரென்ஸ்கே. அப்பா மாட்டு வியாபாரி. விற்கிறவன் காட்டுகிற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் போய்ப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு அங்கிருந்து வந்தது.

இதுவரை வேறு ஆய்வாளர்கள் போய்வந்த இந்த வெஸ்தர்ஹெம் நிலையத்துக்குத் தன்னை அனுப்ப வேண்டாம் என்று அவள் மேலாளரிடம் சொல்லித்தான் பார்த்தாள். "அங்க தலைமைச் செவிலியர் ஆல்ட்யே. என் பொண்ணைப் பாத்துக்கிட்டவங்க. சரியா வராது."

"ஃபிரீஸ்லாந்துல ஒருத்தரையும் தெரியாத ஆளு வேணும்னா நான் போர்ச்சுகல்லேருந்துதான் வரவழைக்கணும்," என்றார் அவர். "தெரியும்னு அறிக்கையில எழுதிட்டுப் போ."

எழுதிவிட்டுத்தான் வந்திருந்தாள். எழுதாமல் விட்டது வேறு.

பதினோரு வருஷத்துக்கு முன் அவள் மகள் ஃபென்னா ஆறு வாரம் முந்திப் பிறந்தாள். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் உறிஞ்சத் தெம்பில்லை. ரென்ஸ்கே பால் பிழிந்து பிழிந்து ஒரு தேக்கரண்டி எடுப்பாள், அதைப் பார்த்து அழுவாள். ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தால் போதும் என்பதுதான் ஆல்ட்யேவின் கடமை. அவளோ பனிமழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒன்பது நாள் வந்தாள். நாலாவது நாள் மத்தியானம், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"குழந்தைக்கு இன்னைக்குப் பசிக்குது. உன் பால் பெருகுற வரைக்கும் மேல டின் பாலும் குடு. பெருகினதும் டின்னை மூடு. இதுல அழ ஒண்ணும் இல்ல."

"எந்த டின்?" என்று கேட்டாள் ரென்ஸ்கே. அந்த நிமிஷத்தில் ஆல்ட்யே எதைச் சொல்லியிருந்தாலும், தங்கத்தைப் பொடிசெய்து அடைத்த டின் என்று சொல்லியிருந்தாலும், வாங்கியிருப்பாள்.

"கடையில கீழ்த்தட்டுல இருக்கிறதுலயே மலிவானது. உள்ள என்ன இருக்கணும்னு எல்லாத்துக்கும் ஒரே சட்டம்தான். மேல்தட்டு டின்ல ஒரு கரடி சிரிக்கும். அதிகமா வாங்குற காசு அந்தக் கரடியோட சம்பளம்."

வியாபாரிகள் நடுவில் வளர்ந்தவள் ரென்ஸ்கே. எதையும் வாங்கத் தயாராக நிற்கிறவளிடம் எதையுமே விற்காமல் போன ஒரு ஆளை அவள் அதுவரை கண்டதில்லை. மூன்று வாரத்தில் டின் மூடப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து இந்த வேலைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தபோது அவளுக்கு அந்தக் கரடிதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஆல்ட்யேவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. முதலில் நேரம் இல்லை, பிறகு வெட்கம், பிறகு ரொம்ப நாளாகிவிட்டது.

இப்போது ஆல்ட்யே வெள்ளைத் தலையோடு எதிரே நின்று, ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்டினாள். ஓய்வுபெற இன்னும் மூன்று வாரம்.

"சான்றிதழ் இருக்கிற வரைக்கும்தான் இந்த இடம்," என்றாள். "இல்லைன்னா நகரத்து நிலையத்தோட சேத்துடுவாங்க. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு இருபது கிலோமீட்டர். அதனால நல்லாப் பாரு, பொண்ணே. கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது."

ரென்ஸ்கே நன்றாகவே பார்த்தாள். அளவு நாடா, தராசு, திரைச்சீலை, குப்பைத்தொட்டி. எல்லாம் சுத்தம். காபி வந்தது, கூடவே ஒரு பிஸ்கட். ஒன்றை எடுத்ததும், இந்த ஊர் வழக்கப்படி, யோரிட் டப்பாவை மூடினான். அவள் தாளில் கடைசிக் கட்டம்வரை குறி போட்டுவிட்டு, "கழிப்பறை எங்க?" என்று கேட்டாள். ஆய்வுக்காக அல்ல. காபிக்காக.

உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சுவரில், இந்த நாட்டில் எல்லார் வீட்டுக் கழிப்பறையிலும் தொங்குவது போல, வேண்டியவர்கள் பெயரை எழுதி வைக்கும் பிறந்தநாள் காலண்டர். அதில் வருஷம் கிடையாது, கிழமை கிடையாது. அதனால் அதற்கு வயதாவதும் கிடையாது. யாரும் அதைத் தூக்கி எறிவதும் கிடையாது. பிப்ரவரி மாதத்தின் தலைமாட்டில், ஒரு கரடி டோம்பெல் பால்மாவு டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கீழே ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலும் வெளிறிய நிறத்தில் அதே டின்.

ரென்ஸ்கேயின் பணிக்காலத்தில் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை இப்படிப்பட்ட நிலையில் அவள் செய்ததில்லை.

அடுத்தவர் காலண்டரில் தன் ஆட்கள் பெயர் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்காத கை உலகத்தில் உண்டா? மார்ச் மாதத்தைத் தூக்கினாள். பதினான்காம் தேதி: ஃபென்னா, 1890.

மற்ற பெயர்களுக்குப் பக்கத்திலும் எண்கள். 1640. 1975. ஓர் இடத்தில் 1210. எல்லாம் இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்தவை.

வருஷா வருஷம் மார்ச் பதினான்காம் தேதி ஃபென்னாவுக்கு நிலையத்திலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். அதில் எப்போதும் ஒரே கேள்வி: இப்போது எவ்வளவு கனம்? ஏதோ கம்ப்யூட்டர் அனுப்புகிறது என்றுதான் ரென்ஸ்கே நினைத்திருந்தாள். ஒருமுறைகூடப் பதில் போட்டதில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "ஆல்ட்யே, கொஞ்சம் வாங்க," என்றாள்.

யோரிட்டும் பின்னாலேயே வர, ஒரு ஆள் நிற்கும் இடத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஆல்ட்யே கரடியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இருபத்திரெண்டு வருஷம்," என்றாள் மெதுவாக. "தினமும் மூணு தடவை இதுக்கு எதிர்ல உக்காந்திருக்கேன். பேரைத்தான் பாத்தேன். இந்தத் தடியனைப் பாக்கவே இல்லையே!"

"நான் நின்னுக்கிட்டே போறவன். எனக்கு இது முதுகுப் பக்கம்," என்றான் யோரிட்.

"நீ வாயை மூடு."

"ஒரு டேப்பை எடுத்து ஒட்டிட்டா?" என்று மறுபடி வாயைத் திறந்தான்.

"பன்னெண்டு கரடி, முந்நூத்து அறுபத்தாறு டின்," என்றாள் ரென்ஸ்கே. "ஒட்டினா பேரும் சேந்து போயிடும். இது இங்க இருந்தா சான்றிதழை நிறுத்தி வைக்கணும். நான் பாக்காத மாதிரி போக முடியாது, ஆல்ட்யே. உங்ககிட்டதான் அதைக் கத்துக்கிட்டேன்னு வெச்சுக்கோங்க."

"பாக்காத மாதிரி போகச் சொல்லி யாரு கேட்டா?" ஆல்ட்யே காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். "சான்றிதழ் வேணும்னா எடுத்துக்கோ. இதைக் குடுக்க மாட்டேன். எண்பத்தாறு குழந்தைங்க. வேற எங்கயும் எழுதி வெக்கல."

கரடி அவள் கைக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தது.

ரென்ஸ்கே தாளைத் திருப்பி விதியைக் காட்டினாள். "இங்க பாருங்க. வருகை முடியறதுக்குள்ள அகற்றிட்டா, அகற்றப்பட்டதுன்னு ஒரு வரி எழுதிட்டுச் சான்றிதழைக் குடுக்கலாம். பேரையெல்லாம் வேற காலண்டர்ல எழுதிட்டு இதைக் குடுங்க. எவ்வளவு நேரம் வேணும்?" வலது கையை நீட்டினாள், மாட்டுச் சந்தையில் ஒவ்வொரு விலைக்கும் உள்ளங்கையில் அடித்துப் பேரம் பேச அப்பா நீட்டுவது போல.

ஆல்ட்யேவும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். காலண்டரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நீட்டிய உள்ளங்கையில் பளீரென்று அடித்தாள். "மூணு வாரம்!"

"ஒரு மணி நேரம்!" ரென்ஸ்கே திருப்பி அடித்தாள்.

"வெள்ளிக்கிழமை!"

"மதிய ரொட்டி நேரத்துக்குள்ள!"

"எண்பத்தாறு பேரை ரொட்டிக்குள்ளயா? உங்கப்பன் மாட்டைப் புடுங்கின மாதிரி புடுங்கறியே! நாளைக்கு!"

"நான் கோட்டு மாட்டுற வரைக்கும்!"

ஆல்ட்யேவின் கை அந்தரத்தில் நின்றது. "கோட்டை எப்ப மாட்டுவே?"

"அது காபியைப் பொறுத்தது. கோட்டு மாட்டினாத்தான் வருகை முடிஞ்சதா அர்த்தம்."

பளீர். பேரம் முடிந்தது. இருவர் உள்ளங்கைகளும் சிவந்திருந்தன.

புதுக் காலண்டருக்கு யோரிட் கிட்டங்கி அறையைக் குடைந்தான். முதலில் கிடைத்தது புட்டிக் கம்பெனியுடையது. ரென்ஸ்கே தலையை ஆட்டினாள். அதுவும் விதிக்கு எதிர். அடுத்தது சவ அடக்கம் செய்யும் நிறுவனத்துடையது.

"இதுக்குத் தடை இருக்கா?"

ரென்ஸ்கே உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "இல்ல. விதியில சவப்பெட்டியைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"என் குழந்தைங்களை அதுல எழுதினா உன்னை முதல்ல அதுல படுக்க வெப்பேன்," என்றாள் ஆல்ட்யே.

கடைசியில் பன்னிரண்டு வெள்ளைத் தாள்களில் யோரிட் கோடு போட்டான். ஆல்ட்யே பெயரைப் படிக்க, ரென்ஸ்கே எழுதினாள். வெறும் பெயராகப் படித்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆல்ட்யே படித்ததோ வேறு விதம். "ஹைல்கே, 1640. தீயணைப்புப் படையில இருக்கான் இப்ப, வாசக்கதவே பத்தாது. ட்யிட்ஸ்கே, 1210. போன வருஷம் கல்யாணம், போன மாசம் அவளே ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்தா. நாலு கிலோ!" மூன்றாவது காபியும் முடிந்தது. பிஸ்கட் டப்பாவை யோரிட் மூடாமலே விட்டான். ஃபிரீஸ்லாந்தில் அது சின்ன விஷயமல்ல.

"மார்ச் பதினாலு," என்று படித்த ஆல்ட்யே நிறுத்தினாள்.

"தெரியும்," என்றாள் ரென்ஸ்கே. பேனா தாளில் ஊன்றியபடியே நின்றது. "அட்டை எல்லாம் வந்துச்சு. கம்ப்யூட்டர் அனுப்புதுன்னு நெனச்சேன். பதினோரு வருஷமா ஒரு நன்றிகூடச் சொல்லல, ஆல்ட்யே. இப்பச் சொல்றேன். ஒன்பது நாளைக்கும் சேத்து. அந்த மலிவு டின்னுக்கும்."

ஆல்ட்யே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நன்றியெல்லாம் இருக்கட்டும். கேட்ட கேள்விக்குப் பதிலைக் காணோமே. இப்ப எவ்வளவு கனம்?"

"முப்பத்தெட்டு கிலோ."

"அடேயப்பா," என்றாள் ஆல்ட்யே. அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் யோரிட் படித்தான்.

மூன்றரை மணிக்கு எண்பத்தாறாவது பெயர் முடிந்தது. ரென்ஸ்கே அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: கழிப்பறையில் டோம்பெல் காலண்டர் ஒன்று, வருகை முடியுமுன் அகற்றப்பட்டது, சான்றிதழ் புதுப்பிக்கப்படுகிறது. கரடியை உறையில் போட்டு ஒட்டினாள். பிறகு எழுந்து, அவர்கள் கண்ணெதிரே, ஒவ்வொரு பொத்தானாக, கோட்டை மாட்டினாள்.

வாசலில் நின்று, "உங்க பிறந்தநாள் அதுல இல்லையே?" என்று கேட்டாள்.

"என்னோடதை நானே எதுக்கு எழுதணும்? மறந்தா போவேன்? நவம்பர் ரெண்டு."

வீட்டுக்கு வந்ததும் ரென்ஸ்கே பையை வைத்துவிட்டு நேரே கழிப்பறைக்குப் போனாள். நூலில் தொங்கிய பென்சிலைப் பிடித்து, நவம்பரைப் புரட்டி, இரண்டாம் தேதியில் எழுதினாள்: ஆல்ட்யே. நாட்டில் நல்ல சேவைக்கு அரசர் பதக்கம் தருகிறார். பதக்கம் பெட்டிக்குள் போய்விடும். இந்தச் சுவரில் ஏறிய பெயரைத்தான் வீட்டில் எல்லாரும் தினமும் பார்ப்பார்கள்.

"அம்மா! எவ்வளவு நேரம்?" கதவைத் தட்டினாள் ஃபென்னா. திறந்ததும் எட்டிப் பார்த்தாள். "யாரு ஆல்ட்யே?"

"வருஷா வருஷம் உன் கனத்தைக் கேக்கறவங்க. இன்னைக்கு உக்காந்து பதில் எழுதற."

"சரி. அவங்க கனத்தையும் பக்கத்துல எழுதலாமா?"

"எழுதினா," என்றாள் ரென்ஸ்கே, "சைக்கிள்லயே வந்து அடிப்பாங்க."