பையோடு சேர்த்து எட்டு கிலோ

என் மனைவியின் கத்தரிக்கோலைப் பற்றி நான் சொல்லப்போவதை யாரும் முழுதாக நம்ப வேண்டியதில்லை. முக்கால்வாசி நம்பினால் போதும். எடை விஷயத்தில் மட்டும் நான் ஒரு கிராம் கூட்டிச் சொல்லமாட்டேன். மற்றதற்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது.

அவள் முப்பது வருடம் பள்ளிச் சீருடை தைத்தவள். முன்னால் நடந்துபோகிற ஆளைப் பின்னாலிருந்து பார்த்தே இடுப்பளவு சொல்லிவிடுவாள். எங்கள் தெருவில் தொப்பை வைத்திருப்பவர்கள் அவள் கடையைத் தாண்டும்வரை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அப்படி நடந்தே இரண்டு பேருக்கு உடம்பு இளைத்தது. எல்லோரும் அவளை டெய்லரம்மா என்பார்கள். கட்டிக்கொண்ட குற்றத்துக்கு நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாக ஏறி, தராசும் எடைக்கல்லும் சரிதானா என்று பார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். முப்பத்தாறு வருடத்தில் நான் பிடித்த தில்லுமுல்லுகளில் பாதி ஒரே ரகம்: சரக்கை டப்பாவோடு நிறுத்து, டப்பாவையும் சரக்கு விலைக்கே விற்பது. "டப்பாவைக் கழி, பையைக் கழி" என்று நான் சொல்லாத நாளே கிடையாது. கல்யாணமான புதிதில் தூக்கத்திலும் அதைச் சொன்னேனாம். யாரோ எதிரியைப் பற்றிப் பேசுகிறேன் என்று டெய்லரம்மா பயந்துபோய் விளக்கைப் போட்டாளாம்.

வீட்டில் மூன்றாவது ஆள் பெரியவர். ஒன்பது வயது நாய். குட்டியாக வந்த அன்றே முகமெல்லாம் சுருக்கம், சப்பை மூக்கு, உலகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கண்கள். அந்த முகத்தைப் பார்த்து "வா, போ" என்று சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை. "பெரியவர் வந்துட்டார்" என்றேன் விளையாட்டாக. பெயரும் மரியாதையும் அப்படியே ஒட்டிக்கொண்டன.

வெளிநாட்டிலிருக்கும் மகள் போன் செய்தால் முதலில் அவரைத்தான் விசாரிப்பாள். நான்கு மாதத்துக்கு முன் செய்ததும் அதே வரிசைதான்.

"பெரியவர் எப்படி இருக்கார்? அம்மா முட்டி வலி எப்படி இருக்கு? அப்பா, நீங்களும் பக்கத்துலதான் இருக்கீங்களா?"

அப்புறம்தான் விஷயம். முதல் பிரசவம். மாப்பிள்ளைக்கும் வேலைக்குப் போயாக வேண்டும். "ரெண்டு பேரும் வந்துடுங்கப்பா. ஒரு வருஷமாவது இருக்கிற மாதிரி."

டெய்லரம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ரெண்டு பேர் இல்ல, மூணு பேர். பெரியவர் என் கால்மேல தலை வெச்சாத்தான் தூங்குவார். அவரை ஒரு வருஷம் யார்கிட்ட விடறது? அவர் ஏறலைன்னா நானும் ஏறமாட்டேன்."

"அம்மா, பிரசவம் எனக்கு."

"தெரியுதுடி. அதான் மூணு பேரும் வர்றோம்."

நான் விசாரித்தேன். சப்பை மூக்கு நாய்களை விமானத்தின் சரக்கு அறையில் ஏற்றமாட்டார்கள், மூச்சு முட்டிவிடும். பயணிகளோடு பயணியாக, இருக்கைக்குக் கீழே, பைக்குள் உட்கார்ந்துதான் வரவேண்டும். அதற்கு எட்டு கிலோ வரம்பு. பெரியவரோ அன்றைக்கு ஒன்பதேகால்.

"எடைதானே? எங்கிட்ட விடு," என்றேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு மார்தட்டிச் சொன்ன வாக்கியம் வேறு இல்லை.

கால்நடை மருத்துவர் சாப்பாட்டுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். பெரியவருக்கு எதிர்வீட்டில் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டாலே உடம்பு ஊதும். அப்படிப்பட்டவர் கால் கிண்ணம் உணவைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் அந்தப் பார்வைக்குப் பயந்து நானும் அரைச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்தேன். காலையும் மாலையும் டெய்லரம்மா முட்டி வலியோடு அவரை நடத்திக் கூட்டிப்போனாள். உடம்பில் அடையாளச் சிப் வைத்தோம், ஊசி போட்டோம், ரத்தப் பரிசோதனை செய்தோம். என் வாழ்நாள் சான்றிதழ்களையெல்லாம் ஒன்றாக அடுக்கினாலும் பெரியவருடையதில் பாதி வராது. எல்லாவற்றையும் என் பழைய பச்சை பிளாஸ்டிக் கோப்பில் வைத்தேன். இருபது வருடம் என் அக்குளில் இருந்த கோப்பு அது. அதைப் பார்த்தாலே கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

தினமும் காலை எட்டு மணிக்கு எடை. படுக்கையறையில் ஒரு மேடைத் தராசு வாங்கிப் போட்டு, எடைக்கல் வைத்துச் சோதித்து, அதன்மேல் பையையும் வைத்து, பைக்குள் பெரியவரை உட்காரச் சொல்வேன். பையில் அடங்கி உட்காரவும் பழக வேண்டுமல்லவா? இரண்டு வாரத்தில் அவரே எட்டு மணிக்கு வந்து பைக்குள் ஏறி, போட்டோ பிடிக்கக் காத்திருப்பவரைப் போல முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வார். நான் எடையை உரக்கப் படிப்பேன். டெய்லரம்மா நாள்காட்டியில் எழுதுவாள். புறப்படுகிற அன்று காலை ஏழு கிலோ முந்நூறு கிராம்.

"எழுநூறு கிராம் மிச்சம் வெச்சிருக்கேன்," என்றேன். "ஆய்வாளர்னா சும்மாவா?"

"சரிங்க ஆய்வாளரே, பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சீங்களா?" என்றாள் அவள்.

விமான நிலையத்தில் கவுண்டரிலிருந்த பெண் எங்கள் மகள் வயதுதான். பைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கோப்பிலிருந்த காகிதங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "எல்லாம் சரியா இருக்கு சார், இவ்வளவு சுத்தமா யாருமே கொண்டுவந்ததில்ல," என்றாள். நான் இரண்டு அங்குலம் உயர்ந்தேன். பிறகு பையைத் தராசில் வைத்தாள்.

எட்டு கிலோ எழுநூறு கிராம்.

"தராசு தப்பு," என்றேன் உடனே. குனிந்து, தராசின் பின்பக்கம் போய், முழங்காலில் நின்று முத்திரையைத் தேடினேன். இருந்தது. சரியான இடத்தில், சரியான ஆழத்தில், இன்னும் ஏழு மாதத்துக்குச் செல்லுபடியாகும் முத்திரை. என் தொழிலில் ஒரு முத்திரையைப் பார்த்து நெஞ்சடைத்தது அன்றைக்குத்தான்.

"சார், நாய் எவ்வளவுன்னு போட்டீங்க?"

"ஏழு முந்நூறு. பையோட எடை ஒண்ணு நானூறு. அதைக் கழிச்சுட்டேன்."

"ஏன் சார் கழிச்சீங்க? பையோட சேர்த்துத்தானே எட்டு."

"அம்மா, முப்பத்தாறு வருஷம் நான் இதே வேலைதான் பார்த்தேன். பையை எப்பவும் கழிக்கணும். அதான் நியாயம்."

"சரி சார். பையைக் கழிச்சுட்டா நாயை எதுல கொண்டுபோவீங்க?"

எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இல்லை. வீட்டுத் தராசில் பையின் எடையைக் கழிக்க ஒரு பொத்தான் உண்டு. நான்கு மாதமாக என் கட்டைவிரல் மூளையைக் கேட்காமலே அதை அழுத்தி வந்திருக்கிறது. விதிமுறைக் காகிதத்தில் "பையோடு சேர்த்து" என்ற இரண்டே வார்த்தையை என் கண்ணும் கழித்துவிட்டிருக்கிறது.

நான் மெதுவாக டெய்லரம்மா பக்கம் திரும்பினேன். அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. பெரியவர் ஏறாவிட்டால் அவளும் ஏறமாட்டாள். கடல் தாண்டி மகள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் என்னைத் திட்டவில்லை. பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இடுப்பளவு எடுக்கிற பார்வை.

"கவுண்டர் எப்போம்மா மூடுவீங்க?"

"நாற்பது நிமிஷம் இருக்கும்மா."

"பைக்கு என்னென்ன இருந்தே ஆகணும்?"

"காத்து போகணும், ஒழுகக் கூடாது, அடி தொங்கக் கூடாது, ஜிப் மூடணும். அவ்வளவுதான்."

"ஏங்க, பெரிய பெட்டியைத் திறங்க. கத்தரியும் ஊசிநூலும் அடியில இருக்கு."

அடியில் என்றால் உண்மையிலேயே அடியில். மேலே இருந்தவை என் உள்ளாடைகள். வரிசையில் இருந்த அறுபது எழுபது பேர், நான் சொன்னால் ஆறாயிரம் என்பேன், என் பனியன்களைப் பார்வையிட்டார்கள். அதற்குள் அவள் பெரியவரை என் மடியில் வைத்துவிட்டு, அந்தப் பளபளக்கும் தரையில் முட்டி வலியை மறந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர்களை நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. முதலில் அடித்தையலைப் பிரித்து உள்ளேயிருந்த மரப்பலகையை உருவினாள். "முந்நூத்தம்பது இருக்கும்," என்றாள் கையில் தூக்கிப் பார்த்தே. தோள்பட்டை வாரும் அதன் இரும்புக் கொக்கிகளும் போயின. "இருநூறு." வெளிப்பக்கப் பைகள், பஞ்சு மெத்தை, அலங்காரப் பட்டி, கைப்பிடி, எல்லாம் ஒவ்வொன்றாக என் பக்கம் வந்து விழுந்தன. கத்தரி வலைத்துணியின் பக்கமே போகவில்லை. காற்று போகும் இடத்தில் ஒரு நூல்கூட அறுபடவில்லை. மூன்றாவது நிமிடம் பின்னாலிருந்தவர்கள் கடிகாரம் பார்ப்பதை நிறுத்தினார்கள். ஐந்தாவது நிமிடம் பக்கத்துக் கவுண்டர்க்காரர் எழுந்து வந்து நின்று பார்த்தார்.

"அடிக்குக் கெட்டியா, லேசா ஒண்ணு வேணும்," என்று சுற்றிப் பார்த்தாள். அவள் கண் என் அக்குளில் நின்றது.

"டெய்லரம்மா, இது இருபது வருஷக் கோப்பு."

"காகிதத்தை எடுத்துட்டுக் குடுங்க."

கொடுத்தேன். என் உத்தியோகத்தின் கம்பீரம் முழுவதும் நான்கு வெட்டில் ஒரு நீள்சதுரமானது. அதை அடியில் செருகி, சுற்றித் தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். இயந்திரம் தோற்கும் கைத்தையல். பெரியவர் நிற்கவும் திரும்பவும் படுக்கவும் செய்து பார்த்து, சரி என்பதுபோல ஒரு தும்மல் போட்டார்.

தராசு: எட்டு கிலோ நாற்பது கிராம்.

கவுண்டர் பெண் பையைப் பார்த்தாள், டெய்லரம்மாவைப் பார்த்தாள். "நாப்பது கிராம்தானேம்மா. நான் எட்டுன்னு போட்டுக்கறேன். போங்க."

இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. டெய்லரம்மா தலையை ஆட்டினாள்.

"வேணாம்மா. உங்களுக்கு நல்ல மனசு. ஆனா இந்த மனுஷன் தராசுல நாப்பது கிராம் யாருக்கும் விட்டுக் குடுத்ததில்ல. இப்ப சலுகையில ஏறினா பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போறவரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு இருப்பார். எனக்கு அது தாங்காது." பிறகு என்னிடம், "பெரியவரை வெளிய புல்தரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. பதினஞ்சு நிமிஷம் இருக்கு."

அவளுக்கு அந்த நாற்பது கிராமைப் பற்றி எள்ளளவும் கவலை இல்லை. நான் செய்த முட்டாள்தனத்தால் தரையில் உட்கார்ந்து தைத்தவள், என் மானத்தையும் அந்தப் பைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே கூட்டிப்போனேன். பெரியவர் முதல் மரத்தை நிராகரித்தார். இரண்டாவதை மோந்து, யோசித்து, நிராகரித்தார். நான் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு கெஞ்சியதில்லை. மூன்றாவது மரத்தடியில் காலைத் தூக்கினார். குளமே நிறைந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் எடை விஷயம். எண்பது கிராம்.

ஏழு கிலோ தொள்ளாயிரத்து அறுபது என்று தராசு காட்டியபோது வரிசை கைதட்டியது. கவுண்டர் பெண் டெய்லரம்மாவின் முகவரி கேட்டு எழுதிக்கொண்டாள்.

கைப்பிடி போய்விட்டதால் அவள் பையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். "நான் தூக்கறேன்," என்றேன்.

"நீங்க கத்தரியைத் திரும்பப் பெட்டியில போட்டு அனுப்பிட்டீங்களா? அது போதும்."

விமானத்தில் பெரியவர் அவள் பாதத்தின்மேல் தலையை அழுத்திக்கொண்டு ஒன்பது மணி நேரம் தூங்கினார். ஒரு குரைப்பு இல்லை, ஒரு முனகல் இல்லை. இறங்கும்போது பையிலிருந்து சப்பை மூக்கு எட்டிப் பார்த்ததும் ஜன்னலோரப் பயணி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "நாயா? இவ்வளவு நேரம் குறட்டை விட்டது நீங்கன்னுல்ல நெனச்சேன்."

"இவரும்தான் விட்டார்," என்றாள் டெய்லரம்மா.

வாசலில் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். முதலில் பெரியவரைக் கொஞ்சினாள். அப்புறம் பையைத் தடவிப் பார்த்து, "என்னம்மா இது, புதுப் பைன்னு சொன்னீங்க?" என்றாள்.

"உங்கப்பா கிட்ட கேளு," என்றாள் அவள். நான் ஆறாயிரம் பேரிலிருந்து ஆரம்பித்தேன்.

பதினொரு நாள் கழித்துப் பேத்தி பிறந்தாள். நர்ஸ் தராசில் துண்டை விரித்து, குழந்தையைக் கிடத்தினாள். என் கட்டைவிரல் துடித்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன்; ஒரு தடவை பட்டது போதும்.

டெய்லரம்மா என் காதருகே குனிந்தாள். "சொல்லுங்க. இங்க துண்டைக் கழிக்கணும்தானே?"

நர்ஸ் ஏற்கெனவே கழித்துவிட்டிருந்தாள். மூன்று கிலோ இருநூறு.